ஷட்டருக்கு உள்ளே

எனக்கு டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர் மேடம். சர்க்கரை போட்டிருப்பார்கள், எனக்கு ஆகாது. தண்ணீர் மட்டும் கொடுங்கள், போதும்.

என் பெயர் நடராசன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில், விரைவு பஸ் நிற்காத ஊர் எங்களுடையது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன். ஜெசிந்தா செத்துப்போனதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் கேஸே இல்லையே, வீசிங்கில் செத்ததாகத்தானே ஆஸ்பத்திரியில் எழுதியிருக்கிறார்கள் என்றீர்கள். சரிதான். வீசிங்கில்தான் செத்தாள். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊரில் பழைய ரைஸ்மில் ஒன்று பூட்டிக் கிடந்தது. மில்காரர் அந்த இடத்தைச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விற்றார். அங்கே சூப்பர் மார்க்கெட் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து கடைத்தெருவில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. ஏசி கடை. அரிசியிலிருந்து சோப்பு வரைக்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். வண்டி நிறுத்த இடம் வேறு. எங்கள் தெருவில் வண்டியை நிறுத்தினால் பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனை விடாமல் அடிப்பான். யார் எங்களிடம் வருவார்கள், சொல்லுங்கள். பஸ் ஸ்டாப்பில் அவித்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விற்கிற பெண்பிள்ளைகூடப் பயந்தாள்.

வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் சிக்கந்தர் பாட்சா. அரிசி மண்டி வைத்திருக்கிறார், நல்ல மனுஷர். நான் செயலாளர். பேரூராட்சியில் மனுக் கொடுத்தோம். அவர்கள் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பாய் பேசினார், நான் பேசினேன். பெஞ்சல் புயல் வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்தபோது, முழங்கால் தண்ணீரில் நின்று கடையைத் திறந்து வைத்தவன் நான். சென்னைக் கம்பெனி அப்படித் திறக்குமா என்று கேட்டேன். நன்றாகவே கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் ஜெசிந்தா எழுந்தாள். ஸ்கூலில் சத்துணவு சமைப்பவள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், மாதா கோயில் தெரு. புருஷன் சவுரிராயன், கொத்தனார். விறகடுப்புக் காலத்திலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு. என் கடையில்தான் இன்ஹேலர் வாங்குவாள். 'பம்ப்பு' என்பாள். மைக்கை வாங்கத் தெரியாமல் வாங்கி, வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசினாள்.

"எனக்கு சட்டமெல்லாம் தெரியாதுங்க. அந்தக் கடை வந்தா நானே உள்ள போவேன், நானே எடுத்துக்குவேன். இங்க எங்க தெரு ஜனம் வந்து நின்னா, அப்பால வந்தவங்களுக்கெல்லாம் குடுத்து அனுப்பிட்டு, கடைசியாத்தான் உனக்கு என்னான்னு கேக்கறாங்க. சில்லறைய கையில குடுக்கமாட்டாங்க, பலகை மேல வெப்பாங்க. மருந்துக்கடையிலகூட அப்பிடித்தான். நெஞ்சப் புடிச்சிக்கினு நிக்கறப்பவும் நான் கடைசி ஆளுதான்."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். எனக்குத் தட்டியதைவிட அதிக நேரம் தட்டினார்கள்.

நான் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியவன் இல்லை, மேடம். சில்லறையைப் பலகையில் வைப்பது என் அப்பா காலத்துப் பழக்கம். கை தானாக அப்படிப் போகிறது. அதில் என்ன இருக்கிறது? வீட்டுக்குப் போய் என் மனைவி அம்சவள்ளியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே, "அவ சொன்னது பொய்யா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை.

பிறகு பாயின் மண்டியில் சங்கத்தைக் கூட்டினோம். ஒருநாள் முழுக் கடையடைப்பு என்று முடிவாயிற்று. ஆட்டோக்காரர்களும் எங்களோடு சேர்ந்தார்கள். கலைகிற நேரத்தில் பாய், "மருந்துக்கடைய மட்டும் விட்டுடுங்க நடராசன். ஆத்திர அவசரத்துக்கு ஜனம் எங்க போவும்?" என்றார்.

"பாலு, மருந்துன்னு ஒண்ணு ஒண்ணா விட்டுக்கினே போனா அது என்னா பாய் கடையடைப்பு? பொழுது சாயற வரைக்கும்தான? தாங்கிக்குவாங்க" என்றேன்.

"எனக்கு மனசு ஒப்பல."

"மருந்துக்கடைக்காரன் நானே சொல்றேன்."

பாய் எழுந்து மண்டிக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டார். ஊரில் இன்னும் இரண்டு மருந்துக்கடைகள் உண்டு. இரண்டு பேரும் என்னிடம் வேலை பழகியவர்கள். நான் மூடினால் அவர்களும் மூடுவார்கள்.

கடையடைப்பு அன்று காலை கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்தது. நாய்கள் நடுரோட்டில் படுத்திருந்தன. பாயும் மற்றவர்களும் பேரூராட்சி ஆபீஸ் முன்னால் கொடி பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் அவர்களோடு இருந்துவிட்டு, ஒரு வேலையாகப் பின்வழியாகக் கடைக்குள் வந்தேன். முன்பக்க ஷட்டர் முழுதாக இறங்கியிருந்தது. அதில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும். வெளிச்சம் வரும், உள்ளே இருந்தால் வெளியே பார்க்கலாம்.

ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. ஷட்டரைத் தட்டினான். சவுரிராயன் குரல்.

"அண்ணா... உள்ள இருக்கீங்களாண்ணா? ஜெசிந்தாவுக்கு முடியல. அந்த பம்ப்பு ஒண்ணு குடுத்துடுங்க. உங்க கால்ல உழுந்து கேக்கறேண்ணா."

நான் ஃபேனை நிறுத்தினேன். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்றுதான்.

அவள் மூச்சு எனக்கு நன்றாகக் கேட்டது. வீசிங் முற்றினால் ஒரு விசில் சத்தம் வரும். அதுவும் அடங்கிக்கொண்டே வந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். ஓட்டை வழியாகப் பார்த்தேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அவன் ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, இன்னொரு கையால் தட்டிக்கொண்டிருந்தான். எங்களுக்கு நடுவே அந்தத் தகரம்தான். நான் கையை நீட்டியிருந்தால் அவள் தலையைத் தொட்டிருக்கலாம்.

திறக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மருந்துக்கடையும் மூட வேண்டும் என்று சொன்னவனே நான். நானே திறந்தால் சங்கத்தில் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு? அதுவும் மண்டபத்தில் என்னை அப்படிப் பேசியவளுக்கு. வேறு கடைக்குப் போய்ப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் இரண்டு கடைக்கும் போய்விட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. வண்டி கிளம்பியது.

ஆட்டோ இல்லை. நூற்றியெட்டு வருகிறவரை காத்திருக்க அவனுக்குத் தைரியம் இல்லை. தோளில் கிடந்த துண்டால் அவளைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்கிறான். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனானாம். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. இழுப்புச் சத்தமும் நின்றது. சரி, காத்து பட்டதில் கொஞ்சம் தணிந்து தூங்குகிறாள் என்று நினைத்து, அவள் விழித்துவிடக் கூடாதென்று வண்டியை மெதுவாக ஓட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் துண்டை அவிழ்த்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் அவனே என்னிடம் சொன்னான். அடக்கத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க உள்ள இருந்திருந்தா தொறந்து குடுத்திருப்பீங்கண்ணா. எனக்குத் தெரியும். ரெண்டு கடையிலயும் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்னுதான் சொன்னேன். அவதான், நடராசண்ணன் இருந்தா எப்பிடியும் தொறந்துடுவாரு, அங்க போலாம்னா."

அவன் கை சிமெண்டில் காய்த்துக் கரடுமுரடாக இருந்தது. விடவே இல்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

பாய் மட்டும் ஒருநாள் கடைக்கு வந்து, "அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். வீட்டில் என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வாரம் தலைவர் பதவியை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. சங்கமும் அதோடு ஓய்ந்துபோயிற்று. மாதா கோயில் தெருப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, கடை வர வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். எதிர்த்துப் பேச எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. இப்போது பில்லர் எழும்பிவிட்டது. சவுரிராயனும் அங்கேதான் வேலை செய்கிறான். காலையில் என் கடையைத் தாண்டித்தான் போவான். ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போவான்.

நேற்று வணக்கத்தோடு நிற்காமல் படியேறி வந்தான். "புதுக் கடையில மருந்துக்குன்னு தனியா ஒரு பக்கம் விடறாங்களாம்ணா. எந்த நேரமும் என்னென்ன மருந்து இருக்கணும்னு நீங்க எழுதிக் குடுங்க. இஞ்சினியர்கிட்ட குடுக்கறேன். இனிமே யாரும் பேஜாரு படக்கூடாது" என்றான். சரி என்றேன். எழுத உட்கார்ந்தேன். முதல் மருந்தின் பெயரை எழுதிவிட்டு அதற்கு மேல் ஓடவில்லை. அதனால்தான் வந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்வதுதான் முறை. கடையடைப்புக்கு முந்தின சாயங்காலம் அவள் கடைக்கு வந்தாள். வழக்கம்போல ஓரமாக நின்றாள். கூட்டம் போன பிறகு, "அண்ணா, பம்ப்பு தீந்துபோச்சு. நாளைக்குக் கடை இல்லையாமே, ஒண்ணு குடுத்துடுங்க" என்றாள்.

"ஸ்டாக் இல்ல. ராத்திரிதான் லோடு வரும், நாளான்னிக்கு வா" என்றேன்.

"வேற கடையில பாக்கட்டுமா?"

"அவங்ககிட்டயும் இருக்காது. எல்லாருக்கும் ஒரே ஏஜென்சிதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரிங்கண்ணா, வர்றேன்" என்று போய்விட்டாள். நான் சொன்னதை நம்பி, அன்றைக்கு வேறு கடைக்குப் போகவில்லை.

இருந்தது, மேடம். என் கைக்குக் கீழே மேஜை டிராயரிலேயே இருந்தது. மற்ற இரண்டு கடைகளிலும் இருந்தது. ஒருநாள் மூச்சு முட்டினால் கடைத்தெருவின் அருமை அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஒரே ஒருநாள். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்த இழுப்பில் ஆள் செத்துப்போகலாம் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். தெரிந்துதான் இல்லை என்றேன். தெரிந்துதான் ஃபேனை நிறுத்தினேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மண்டபத்தில் அவள் சொன்னது மட்டும் தவறு. என் கடையில் ஆள் பார்த்து வியாபாரம் கிடையாது. அன்றைக்கு என்ன வேலையாக உள்ளே இருந்தேன் என்றா கேட்கிறீர்கள்? மில்காரர் வீட்டு மருமகள் பின்கதவுக்கு வந்திருந்தார்கள். குழந்தைக்குப் பால் பவுடர் தீர்ந்துவிட்டதாம், எடுத்துக் கொடுத்தேன். ஆமாம், இடத்தை விற்றாரே, அதே மில்காரர்தான். அது வேறு, மேடம். நம்ம மனுஷங்க தேடி வந்து கேட்கும்போது, கடையடைப்பு என்று எப்படிச் சொல்வது?