கதாநாயகனுக்கு வயிறு சரியில்லை

— முடியாது மேடம். கதாநாயகன் மண்டி போட்டு மோதிரத்தை நீட்டுறான், அவ கையை நீட்டுறா, இவன் மோதிரத்தோட எழுந்து ஓடிடுறான். இதை அச்சுக்கு அனுப்பினா முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு.

— ஏன் சார், ஓடக் கூடாதா? அவனுக்கு அவசரம்.

— எங்க ஓடுறான்?

— எழுதியிருக்கேனே. டாய்லெட்டுக்கு.

— அதைத்தான் நானும் கேக்குறேன்! காதலைச் சொல்ற நேரத்துல டாய்லெட்டுக்கா? அதோட விட்டானா? மூடின கதவுக்கு உள்ள இருந்துக்கிட்டே 'என்னைக் கட்டிக்கிறியா'ன்னு கேக்குறான்!

— ஐயோ சாமி, கத்தாதீங்க. இந்த ரூம்ல கத்தினா பேப்பர் பண்டல் எல்லாம் சரிஞ்சு நம்ம தலையிலதான் விழும். மத்த எழுத்தாளர்கள் வந்தா மாடில கண்ணாடி ரூம், சோபா, ஏசி. என்னை மட்டும் ரெண்டு வருஷமா இங்க, டாய்லெட்டுக்கு எதிர்ல, பண்டலோட பண்டலா அடுக்கி வச்சுப் பேசுறீங்க. முதல் தடவை மாடிலதானே உட்கார வச்சீங்க? அந்த நாவல் விக்கலன்னதும் கீழ இறக்கிட்டீங்க.

— பாயிண்டுக்கு வாங்க மேடம். முதலாளி கேட்டது நோயாளிக் காதலன். இதயத்துல ஓட்டை, இல்லன்னா ரத்தத்துல ஏதாவது. கர்ச்சீப்பை வாயில வச்சு இருமணும், எடுத்தா ஒரு சொட்டு சிவப்பு. வாசகிங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டே அடுத்த புத்தகம் வாங்குவாங்க.

— கடைசில அவன் செத்துப் போகணும், அதானே? என் ஆளு சாக மாட்டான் சார். குடல்ல புண்ணு. அப்பப்ப அடங்கும், அப்பப்ப ஆடும், ஆயுசுக்கும் கூடவே வரும். ஒழுங்கா மாத்திரை போட்டா உயிரை வாங்காது. மானத்தைத்தான் வாங்கும்.

— இதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொல்றீங்க.

— பின்ன, அழுதுக்கிட்டா சொல்றது? அவன் தியேட்டர்ல ஓர சீட்டுதான் எடுப்பான். தூரத்துப் பயணம்னா முந்தின ராத்திரியே பட்டினி. எந்தக் கட்டடத்துல எந்த மாடில எது சுத்தம், எதுல தாழ்ப்பாள் விழாது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. காதலியை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவான். இப்படி இடம் பார்த்துப் பார்த்துக் கூட்டிட்டுப் போற ஆளு எந்தப் பொண்ணுக்குக் கிடைப்பான், சொல்லுங்க?

— பாயிண்டுக்கு வரேன். அத்தியாயம் ஆறு. அவன் ஓட்டல் டாய்லெட்டுக்குள்ள போறான். கதவுல கொக்கி இல்ல.

— எங்கயுமே இருக்காது, பாவிங்க. பையை எங்க மாட்டுறதுன்னு கட்டுறப்ப ஒருத்தனும் யோசிக்கிறதில்ல. உங்க ஆபீஸ்ல மட்டும்தான் ஒண்ணு இருக்கு. அதுவும் கோணலா.

— கொக்கி இல்லாததால அவன் ஹேண்ட்பேக்கைக் கழுத்துல மாட்டிக்கிட்டு உட்கார்றான்.

— ஆமா, வேற என்ன பண்ணுவா... பண்ணுவான்?

— ஹேண்ட்பேக், மேடம். ஆறடி உயரம், அகலத் தோளு, முறுக்கு மீசை. கழுத்துல ஹேண்ட்பேக்.

— அது ஆபீஸ் பேக்னு திருத்திக்கோங்க சார்.

— அடுத்த வரில கொண்டையில இருந்து கிளிப்பு கழண்டு தண்ணிக்குள்ள விழுது.

— அவன் முடி வளர்க்கிறான்! ஐயோ, ஃபோன் வருது சார், ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்.

— போங்க, போங்க. அவசரப்படாம பேசிட்டு வாங்க.

— வந்துட்டேன் சார். எங்க விட்டோம்?

— பேசியாச்சா?

— ஆச்சு. அம்மாதான். ஆரம்பிச்சா விட மாட்டாங்க.

— உங்க ஃபோன் இதோ மேஜை மேல இருக்கு. அம்மாவும் இதுலதான் கூப்பிட்டாங்க. விடாம அடிச்சுது, எடுத்துட்டேன்.

— ஐயோ சாமி! என்ன சொன்னாங்க?

— 'யாரு, பண்டல் ரூம் தம்பியா?'ன்னு கேட்டாங்க.

— செத்தேன்.

— 'வீட்டுல எந்நேரமும் உங்க பேச்சுதான் தம்பி'ன்னாங்க.

— இன்னும் ஒரு தடவை செத்தேன்.

— அப்புறம் மதிய மாத்திரை போட்டாளான்னு கேட்டாங்க.

— அது சும்மா, சத்து மாத்திரை.

— மாத்திரை பேரையும் சொன்னாங்க. ரெண்டாவது அத்தியாயத்துல அவன் முழுங்குற அதே மாத்திரை.

— சரி, சிரிச்சுக்கோங்க.

— நான் சிரிக்கலையே மேடம்.

— சிரிச்சா நல்லாயிருக்கும் சார், எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். முதல்ல கதாநாயகிக்குத்தான் எழுதினேன். நாலு பக்கத்துக்கு மேல கை போகல. அவனுக்கு வந்தா வாசகிங்க சிரிச்சுட்டு விட்டுடுவாங்க, அவளுக்கு வந்தா மூக்கைப் பிடிச்சுக்குவாங்க. அதனால மீசை ஒட்டி அவன் தலையில கட்டிட்டேன்.

— ஹேண்ட்பேக்கை எடுக்க மறந்துட்டீங்க.

— நேராவே கேட்டுடுறேன் சார், இனிமே மறைக்க என்ன இருக்கு? இப்படி ஒருத்தியை யாராவது காதலிப்பாங்களா? கதைக்காகக் கேக்கல.

— எனக்கு அவன் வயித்து மேல ஒரு கோவமும் இல்ல மேடம். முதலாளிகிட்டயும் பேசிக்குவேன். எனக்குக் கோவமெல்லாம் அந்தக் கதாநாயகி மேலதான்.

— அவ என்ன பண்ணா பாவம்?

— அவன் உள்ள போறப்பல்லாம் வெளிய நின்னு அழுறா. 'உனக்காக எதையும் தாங்குவேன்'னு பக்கம் பக்கமா வசனம் பேசுறா. மனசுல ஆசை இருக்கிறவங்க அப்படியா பண்ணுவாங்க?

— வேற எப்படிப் பண்ணுவாங்களாம்?

— வெளிய தெரியாம பண்ணுவாங்க. முதல் தடவை வந்தப்ப 'ஃபோன்'னு சொல்லிட்டு மாடிப்படியில ஓடி இறங்கினீங்களே, ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? போற வழியில பூந்தொட்டியை உடைச்சேன்.

— ரெண்டு பூந்தொட்டி.

— அதுக்கு அடுத்த தடவையே என்னைப் பண்டல் ரூமுக்குத் தள்ளிட்டீங்க!

— எழுத்தாளரை ஏன்யா குடோன்ல உட்கார வைக்கிறேன்னு முதலாளி இன்னமும் திட்டிக்கிட்டுதான் இருக்காரு. மாடில ஏசி இருக்கு, சோபா இருக்கு, ஜன்னலைத் திறந்தா மரமெல்லாம் தெரியும் மேடம். டாய்லெட் மட்டும்தான் இல்ல.

— சார்... அப்ப அந்தக் கோணல் கொக்கி?

— எனக்குச் சுத்தியலை நேராப் பிடிக்கத் தெரியாது மேடம்.