ஐப்பசி மழையில் பார்த்த கட்டடம்

— கட்டடத்துக்கு ஒரு பைசா கிடையாதுன்னா சொன்னான்? அவன் வாயால அப்படியே சொன்னானா, பாய்?

— நேத்து வந்த லாரி ஆபீஸ்காரன் அப்படியேதான் சொன்னான், சிங்காரவேலு அண்ணே. இடத்துக்கு மட்டுந்தான் விலையாம். பன்னெண்டு கடையையும் இடிச்சுத் தள்ளிட்டு லாரி நிறுத்தப் போறானாம். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போவுது? இந்த உபைதுல்லா முப்பது வருஷமா தரகு பாக்கறான், பொய் சொல்லி ஒரு பத்திரம் முடிச்சதில்ல.

— அரை வேலி நஞ்சைய வித்துக் கட்டின காம்ப்ளக்ஸ்யா இது. நீடாமங்கலத்துல லிஃப்டுக்கு இடம் விட்டுக் கட்டினவன் அன்னிக்கு நான் ஒருத்தன்தான்.

— எனக்குத் தெரியாதாண்ணே? ரயில்வே கேட்டு போட்டா அரை மணி நேரம் வண்டி நிக்கும். அத்தன சனமும் எறங்கி வந்து இங்கதான் நிக்கும். கால் வைக்க இடம் இருக்காது. பைபாஸ் வந்துச்சு, பஸ்ஸும் காரும் அந்தப் பக்கமாப் போயிடுச்சு. உங்களுக்கு மட்டுமா? இந்தத் தெரு பூராவும் ஷட்டர் எறங்கித்தான் கெடக்கு.

— பன்னெண்டுல மூணு கடைதான் ஓடுது. சிங்கப்பூர்லேர்ந்து எம் மவ கலைமகள் தினம் போன் பண்றா. ‘அப்பா, அடுத்த வருஷம் இதவிடக் கம்மியாத்தான் கேப்பாங்க, இப்பவே தள்ளிவிடுங்க’ங்கறா. சரிதான்னு தோணுது எனக்கும். இப்ப வரப்போற ஆளு யாருய்யா? அவனாவது கட்டடத்த நிக்க விடுவானா?

— அவன் இல்லண்ணே, அவங்க. பூவிழின்னு பேரு. ஊரு குடவாசல் பக்கம்.

— பொம்பளையா? யாரு வீட்டுப் பொண்ணு?

— அவங்க அம்மா நடவு ஆளு. அப்பா அறுப்புக்குப் போனவரு. அந்த வீட்டுப் பொண்ணு.

— என்ன பாய், வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா? நடவு ஆள் வீட்டுப் பொண்ணு என் காம்ப்ளக்ஸ வாங்க வருதா?

— சிரிங்க. நானும் இப்படித்தான் சிரிச்சேன், நாலு வருஷத்துக்கு முன்னாடி. இன்னிக்கு அந்தம்மா போன் அடிச்சா எந்திரிச்சு நின்னு பேசறேன். கேளுங்க, அவங்க வர இன்னும் கால் மணி நேரம் இருக்கு.

— சொல்லுய்யா, கேப்போம்.

— தஞ்சாவூர்ல ஒரு இன்ஜினியர் ஆபீஸ். பேங்குக்குக் கட்டடத்த மதிப்புப் போட்டுக் குடுக்கறவங்க. அங்க எட்டு வருஷம் டேப்பு புடிச்சிருக்காங்க. கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைன்னு போவாத கடைத்தெரு இல்ல. அளக்கப் போற எடத்துல இவங்க ஒண்ணு மட்டும் கவனிச்சிருக்காங்க. எந்தக் கட்டடத்துல உசுரு இருக்கு, எது செத்துக்கிட்டு இருக்குன்னு.

— அளக்கறவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?

— அதானே அதிசயம்! அப்புறம் கொரோனா வந்துச்சா, ஊரே கடைய வித்துட்டு ஓடுது. குடவாசல்ல ஒரு பெரிய ஜவுளிக்கடை, ரெண்டு மாடி, பூட்டிட்டாங்க. கேக்க நாதி இல்ல. தம்பி மலேசியாவுலேர்ந்து அனுப்புனது, இவங்க சேத்தது, எல்லாத்தையும் போட்டு அத வாங்கிட்டாங்க. பத்திரம் முடிச்சு வச்சதே நான்தான். முடிச்சுட்டு வெளிய வந்து, பாவம் இந்தப் பொண்ணு முழுகிடுச்சேன்னு நெனச்சேன்.

— முழுகலையா?

— ஆறு மாசம் ஒரு ஆளு வரல. நான் அந்தப் பக்கம் போறப்பல்லாம் பாப்பேன். காலையில ஒம்பது மணிக்கு டாண்ணு ஷட்டர் ஏறும். உள்ள ஒரு சாமான் கிடையாது. கூட்டித் தொடச்சு, எல்லா லைட்டும் போட்டு வச்சிருப்பாங்க. ராத்திரி எட்டுக்குத்தான் எறக்குவாங்க. ‘ஏம்மா, வெறுங்கடைக்கு எதுக்கு கரண்ட்டு?’ன்னு கேட்டேன். ‘இருட்டாக் கெடந்தா செத்த கட்டடம்னு சனம் முடிவு பண்ணிடும் பாய், அப்புறம் எழுப்ப முடியாது’ன்னாங்க.

— ம்... நான் மேல் மாடிக்குப் போயே ஒரு வருஷம் ஆவுது.

— ஏழாவது மாசம் ஒரு பல் டாக்டர் வந்தாரு. அப்புறம் ரத்தம் டெஸ்ட் எடுக்கறவங்க. அறுவடை மெஷினுக்கு ஸ்பேர் விக்கறவரு. மூட்டுக்கு வைத்தியம் பண்ற பொண்ணு ஒண்ணு. மொத வருஷம் பாதி வாடகைதான் வாங்கினாங்க. ரெண்டாவது அலை வந்தப்ப நாலு மாசம் வாடகையே வேணாம், காலி மட்டும் பண்ணாதீங்கன்னுட்டாங்க. நாலு பேரும் இன்னும் அங்கதான் இருக்காங்க. ரெண்டாவது கட்டடம் கொரடாச்சேரி, அப்புறம் வலங்கைமான், போன வருஷம் திருவாரூர். எல்லாமே ஆளுங்க வேணாம்னு தள்ளுன கட்டடம். இன்னிக்கு நாலுலயும் ஒரு கடை காலி இல்ல.

— நாலுலயுமா?

— வல்லாஹி, அல்லா மேல ஆணையா ஒண்ணு கூட இல்ல. சரி, அதெல்லாம் விடுங்க. உங்க கட்டடத்த விட்டுட்டுப் போனாங்களே ஒம்பது பேரு, அந்த ஒம்பது பேரையும் தேடிப் போயி பாத்துட்டு வந்திருக்காங்க. அந்த செல்போன் கடைக்காரன் இப்ப திருப்பூர்ல இருக்கான். அங்கயும் போயிருக்காங்க.

— ஏன் போனீங்கன்னு நானே அவங்கள ஒரு வார்த்த கேக்கலையேய்யா.

— அந்தா, ஸ்கூட்டிய நிறுத்தறாங்க பாருங்க. அவங்கதான்.

— இதா? தனியாவா வருது? கூட ஒரு ஆளு கிடையாதா?

— வணக்கம் சார். நான் பூவிழி. வணக்கம் பாய், ரொம்ப நேரம் காக்க வச்சிட்டனா?

— இல்லம்மா, இப்பத்தான் வந்தோம். இவர்தான் சிங்காரவேலு அண்ணே.

— வாம்மா. உள்ள வா. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்? மொட்ட மாடிலேர்ந்தே பாத்துட்டு வரலாமா?

— வேணாம் சார். பாத்துட்டேன். ஐப்பசியில வந்தேன்.

— ஐப்பசியிலயா? அடை மழையில்ல அது! மூணு நாளா தெருவுல முழங்காலுக்குத் தண்ணி. கட்டடம் பாக்கற நாளா அது?

— அன்னிக்குத்தான் சார் கட்டடம் பாக்கணும். வெயில் நாள்ல எல்லாக் கட்டடமும் நல்லாத்தான் இருக்கும். கேட்டுலேர்ந்து கடைசி வரைக்கும் தண்ணியிலயே நடந்தேன். ஒவ்வொரு கடை வாசலா நின்னு பாத்தேன்.

— மழையில இந்தத் தெரு பூராவுமா, பூவிழிம்மா?

— எல்லாக் கடைக்குள்ளயும் தண்ணி போயிருந்துச்சு பாய். இங்க மட்டும் போவல. தரை ஒசரம்னு மொதல்ல நெனச்சேன். டேப்பு வச்சுப் பாத்தா பக்கத்துக் கட்டடத்தவிட ரெண்டு இஞ்சு பள்ளம். எனக்கு ஒண்ணும் புரியல.

— ஆமாம்மா, பள்ளந்தான். கொத்தனாரு தப்புப் பண்ணிட்டான். நீ இதக் காட்டி விலையக் கொறைக்கறதா இருந்தா நேராவே சொல்லிடு.

— விலை பேச வரல சார். இந்தக் கட்டடத்த நான் வாங்கப் போறதில்ல.

— வாங்கப் போறதில்லையா? பாய், பின்ன என்ன மயித்துக்குய்யா என்னைய இங்க வந்து நிக்கச் சொன்ன?

— அண்ணே, சத்தியமா எனக்கும் தெரியாது! என்னம்மா இது, எங்கிட்ட நீங்க...

— ரெண்டு பேரும் கோவிக்காதீங்க. நான் சொல்லி முடிச்சுடறேன். சார், இங்கேர்ந்து தஞ்சாவூருக்கு டயாலிசிஸ் பண்ணிக்கப் போறவங்க எத்தன பேருன்னு தெரியுமா?

— எனக்கெப்படித் தெரியும்?

— நாப்பத்தி மூணு பேரு. வாரத்துக்கு ரெண்டு தடவ, சில பேரு மூணு தடவ. ஒரு மாசம் காலையில மொத பஸ்ஸுல அவங்க கூடவே போயிட்டு வந்தேன். திரும்பி வர்றப்ப கம்பியப் புடிச்சு நிக்கக்கூடத் தெம்பு இருக்காது. ஒரு அம்மா என் தோள்லயே சாஞ்சு தூங்கிட்டாங்க. நம்ம ஊர்லயே இருந்தா எப்படி இருக்கும்னு கேட்டேன். அந்தம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க.

— யா அல்லா.

— டீக்கடை, இளநி, செல்போன் கவரு இதெல்லாம் வழியில போறவங்களுக்கு சார். ரோடு போனா அதுவும் போயிடும். ஆனா இவங்க வழியில போறவங்க இல்ல. எங்க இருந்தாலும் தேடி வருவாங்க. தஞ்சாவூர் டாக்டர் ஒருத்தர் சென்டர் போட ரெடியா இருக்காரு. அவரு போட்டது ஒரே கண்டிஷன்தான். எந்த மழையிலயும் உள்ள தண்ணி வரக் கூடாது. ஒரு நாள் மூடினாக்கூட ஒரு உசுரு போயிடலாம்.

— சரிம்மா, அதுக்கு ஏத்த கட்டடம் இதுன்னு நீயே சொல்ற. அப்புறம் ஏன் வாங்க மாட்டேங்கற?

— அன்னிக்கு ஏன் இங்க தண்ணி வரலன்னு கண்டுபுடிக்கப் பின்னாடி போனேன் சார். வடிகால் வாய்க்கால் பூரா ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக். உள்ள எறங்கி ஒருத்தரு லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, தலையில யூரியா சாக்கப் போட்டுக்கிட்டு மம்முட்டியால அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தாரு. வயசானவரு. நடுங்கறாரு, ஆனா விடல. நான் ஒரு மணி நேரம் கொடைய புடிச்சுக்கிட்டு நின்னு பாத்தேன். அவரு என்னைப் பாக்கவே இல்ல. எங்க வெட்டணும், எங்க மறிக்கணும், எந்தப் பக்கம் விட்டா பக்கத்து வூட்டுக்குப் போவாதுன்னு அத்தனையும் கையிலயே இருந்துச்சு. நான் அளந்த ஆயிரங் கட்டடத்துல அந்த மாதிரி ஒண்ணு பாத்ததில்ல.

— அது நான்தாம்மா.

— சிங்காரவேலு அண்ணே? நீங்களா எறங்கினீங்க? ஆள் வைக்கலையா?

— மழையில எந்த ஆளுய்யா வருவான்? வயல்ல தண்ணி நின்னா நாத்து அழுவிடும், போயி வடிய விட மாட்டமா? அது மாதிரிதான். மூணு பேரு இன்னும் கடை வச்சிருக்கான், அவன் சாமான் நனையக் கூடாதில்ல.

— அந்த மூணு பேரையும் கேட்டேன் சார். எதிர்க் கட்டடத்துல பாதி வாடகைக்குக் கூப்புட்டும் போவலையாம். தையக்காரர் ஜெயபாரதி சொன்னாங்க, ‘எட்டு வருஷத்துல என் துணி ஒண்ணு நனைஞ்சதில்ல’ன்னு. இப்ப சொல்லுங்க, இத நான் வாங்கினா என்ன ஆவும்? கட்டடம் எனக்கு வந்துடும், நீங்க வூட்டுக்குப் போயிடுவீங்க. அடுத்த ஐப்பசியில வாய்க்கால்ல யாரு எறங்குவா?

— அப்ப என்னதாம்மா செய்யலாங்கற?

— கட்டடம் உங்க பேர்லயே இருக்கட்டும். மேல் மாடி ரெண்டையும் பத்து வருஷத்துக்கு எனக்கு லீசுக்குக் குடுங்க, நீங்க விட்டு வச்ச இடத்துல லிஃப்டு போட்டு சென்டர் நான் கொண்டாறேன். கீழயும் மெதுவா நெறையும். அப்புறம்... இன்னொண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.

— கேளு.

— என்னோட நாலு கட்டடத்துலயும் ஆளுங்க நெறஞ்சிருக்காங்க, ஆனா மழை பேஞ்சா எனக்குத் தூக்கம் கிடையாது. எனக்கு அளக்கத் தெரியும், ஆளுங்களக் கொண்டாரத் தெரியும். தண்ணியத் தெரியாது. அந்த நாலையும் நீங்க பாத்துக்கணும் சார். மாசச் சம்பளத்துக்கு.

— பூவிழிம்மா! யாருகிட்ட என்ன பேசறீங்க? அண்ணே குடும்பம் ஒரு காலத்துல நூறு ஆளுக்குப் படியளந்த குடும்பம். அவங்களப் போயி சம்பளத்துக்கு...

— பாய், கொஞ்சம் சும்மா இருய்யா.

— இல்லண்ணே, தெரியாமப் பேசிட்டாங்க, நான் வேணா...

— சும்மா இருங்கறேன்ல. நூறு ஆளு வேலை செஞ்சாங்க, ஆமா. ஒருத்தன் கூட நான் செய்யற வேலைய நின்னு பாத்ததில்லய்யா. எம் பொண்டாட்டி, எம் மவ, யாரும் பாத்ததில்ல. கெழவனுக்குக் கிறுக்குன்னாங்க. இவங்க ஒருத்தங்கதான் கொட்டற மழையில ஒரு மணி நேரம் நின்னு பாத்திருக்காங்க.

— சார், உடனே சொல்ல வேணாம். பொண்ணுகிட்ட பேசிட்டு யோசிச்சே சொல்லுங்க.

— யோசிக்க ஒண்ணும் இல்ல. வேலைக்கு எத்தன மணிக்கு வரணும்னு மட்டும் சொல்லுங்கம்மா.