மாடி வீட்டுக்கு ஆள் வருது

ஜெப்சி: "நவம்பர் பதினெட்டு, செவ்வாய். மாடி வீட்டு ஜன்னல் திரை ஒரு சாண் கட்டையாகிவிட்டது. அளவை நான் சரிபார்த்திருக்க வேண்டும். தவறு என்னுடையது."

கிளீட்டஸ்: ஏட்டி, அது எனக்க தப்புல்லா? ரசலையன் தையக்கடையில போயி அளவு சொன்னது நான்.

ஜெப்சி: எப்படிச் சொன்னிய?

கிளீட்டஸ்: ஒரு பாகம்னு சொன்னேன். இந்தா... ரெண்டு கையும் விரிச்சா ஒரு பாகம். கடல்ல ஆழம் பாக்கதும் அப்படித்தான், கயிறு அளக்கதும் அப்படித்தான்.

ஜெப்சி: அது உங்க கை. அவரு அவருக்க கைய விரிச்சு வெட்டிட்டாரு. நாள் முழுக்க குனிஞ்சு தைக்கவருக்கு கை எம்புட்டு விரியும்?

கிளீட்டஸ்: அப்பம் எனக்க தப்ப உனக்க தப்புன்னு இந்தி கிளாஸ்ல போயி வாசிப்பியா?

ஜெப்சி: வீட்டுக்காரரு பாகத்துல அளந்தாருன்னு வாசிச்சா எல்லாரும் சிரிப்பாவ. டீச்சர் தினம் நாலு வரி எழுதச் சொல்லியிருக்காவ. மொதல்ல தமிழ்ல. பொறவு அத இந்தியில மாத்தணும்.

கிளீட்டஸ்: மாத்திட்டியா?

ஜெப்சி: தேதி வரைக்கும் மாத்தியாச்சு.

கிளீட்டஸ்: கொள்ளாம். நாளான்னைக்கு நாக்பூர்லேருந்து ஆளுவ வந்து நிக்கும். நீ தேதியச் சொல்லிட்டு நில்லு.

ஜெப்சி: சிரிங்க. பைசா குடுத்து வாற மொத ஆளுவ. வீடு நல்லா இருந்துதுன்னு அவிய ரெண்டு வார்த்த எழுதிப் போட்டாத்தான் அடுத்த ஆளு வரும். ஆளு வந்துட்டே இருந்தாத்தான் நீங்க திரும்ப பக்ரைனுக்குப் போவாண்டாம்.

கிளீட்டஸ்: ...ம்.

ஜெப்சி: என்ன 'ம்'? ஆமா, அடுக்களையில மீஞ்சட்டி எதுக்கு?

கிளீட்டஸ்: மீன் வைக்கத்தான். புதுக்கடை சந்தையில பாத்து எடுத்தேன். நல்ல மண்ணு, தட்டிப் பாரு.

ஜெப்சி: அவிய மரக்கறி மட்டும்தான் தின்பாவளாம்.

கிளீட்டஸ்: மரக்கறி தின்னவா நாக்பூர்லேருந்து கடலுக்கு வாறாவ?

ஜெப்சி: எடுத்துக் கீழ கொண்டு வைங்க. மணம் பிடிக்கும். கருங்கல் சந்தையிலேருந்து வந்த அலமாரிய எங்க போட்டிய?

கிளீட்டஸ்: படுக்கிற அறையில. கெழக்கு ஜன்னல்ல சேத்து.

ஜெப்சி: ஜன்னல மறச்சா?

கிளீட்டஸ்: பின்ன? உப்புக்காத்து கேறினா கட்டிலுக்க ஆணியெல்லாம் துரு பிடிக்கும்.

ஜெப்சி: இஞ்ச பாருங்க. கன்னியாகுமரிக்கு ஆளுவ எதுக்கு வருது?

கிளீட்டஸ்: எதுக்கு?

ஜெப்சி: சூரியன் உதிக்கதப் பாக்க. கட்டில்ல கெடந்தமேனிக்கு கடல் தெரியும்னு நான் போட்டோ எடுத்துப் போட்டிருக்கேன். நீங்க அதுல அலமாரிய நிறுத்தி வச்சிருக்கிய.

கிளீட்டஸ்: கடலப் பாக்கதுக்கா வாடக குடுக்கானுவ?

ஜெப்சி: அதுக்குத்தான் குடுக்காவ.

கிளீட்டஸ்: எங்க அப்பா வீட்டுல கடல் பக்கம் ஒரு ஜன்னலும் கெடையாது. கரைக்கு வந்தாலாவது அதப் பாக்காம இருக்கணும்னு வைக்கல.

ஜெப்சி: இவிய அதுல கெடந்து வாறவிய இல்ல. பிடிங்க அந்தப் பக்கம்.

கிளீட்டஸ்: நீ பிடிக்காண்டாம், மாறு. பைய... கால எடு, கால எடு. ம்... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்.

ஜெப்சி: இப்பம் கொள்ளாம். அந்தா, போட்டுவ போறது கூட தெரியுது.

கிளீட்டஸ்: தெரியட்டு. நீ இஞ்ச வா. இந்த மோட்டார் சுவிச்சு மொத தடவ போட்டா பிடிக்காது. போட்டு, அணச்சு, பொறவு போடணும். நீ போடு பாப்பம்.

ஜெப்சி: நீங்க நிக்கியல்லா.

கிளீட்டஸ்: போடுட்டி. ...செரி. வாசப்பூட்டுக்கு இடைக்கிட எண்ண விடணும். மறந்தா உப்பு பிடிச்சு சாவி உள்ளயே ஒடியும். கேஸ் சிலிண்டர் மாத்துவியா?

ஜெப்சி: நேத்து பியூஸ் கட்டச் சொல்லித் தந்திய. முந்தாநாளு தண்ணி டாங்கி கழுவ. எல்லாத்தையும் நான் படிச்சுட்டா நீங்க என்ன செய்விய?

கிளீட்டஸ்: படிச்சு வச்சா என்ன நட்டம்?

ஜெப்சி: என்ன செய்வியன்னு கேட்டேன்.

கிளீட்டஸ்: நாக்பூர்காரவிய போனப்பொறவு சொல்லலாம்னு இருந்தேன்.

ஜெப்சி: எத?

கிளீட்டஸ்: மொதல்ல அவிய வந்துட்டுப் போவட்டுன்னு...

ஜெப்சி: எதச் சொல்லலாம்னு இருந்திய?

கிளீட்டஸ்: டிக்கெட் வந்திருக்கு. ஞாயித்துக்கிழம, திருவனந்தபுரத்துலேருந்து.

ஜெப்சி: ...எங்க?

கிளீட்டஸ்: வேற எங்க? பக்ரைனுக்குத்தான். சிஜின் நிக்க அரபிக்க மீன்பிடி போட்டுல வேல.

ஜெப்சி: எப்பம் சம்மதிச்சிய?

கிளீட்டஸ்: ஓணம் கழிஞ்சு உனக்க தம்பி போன் போட்டான். ஸ்ராங்கு இல்லாம போட்டு சும்மா கெடக்கு, ஓட்டத் தெரிஞ்ச ஆளு இல்ல, அத்தான் வந்தே தீரணும்னு... அழாத கொற. உனக்கு இருக்கது ஒத்த தம்பி. இல்லன்னு எப்படிச் சொல்ல?

ஜெப்சி: என்கிட்ட ஒரு வார்த்த...

கிளீட்டஸ்: உன்கிட்ட சொல்லாண்டாம்னு அவன்கிட்ட நான்தான் சொன்னேன். நீ பெயிண்ட் பாத்து, கட்டில் பாத்து, சாயங்காலம் ஆனா கிளாசுக்கு ஓடி... எனக்குச் சொல்ல வாய் வரல.

ஜெப்சி: உங்களுக்குப் போவ ஆசையாட்டு இருந்துதா?

கிளீட்டஸ்: எனக்கா?

ஜெப்சி: உண்மையச் சொல்லுங்க. ஓணத்துக்கு சிஜினுக்க கூட்டுக்காரன் குடும்பம் திருச்சூர்லேருந்து வந்து இஞ்ச சும்மா தங்கிட்டுப் போச்சுல்லா. அந்தப் பெரியவருக்க பெட்டிய நீங்க தூக்கிட்டு கேறினிய. அவரு உங்க கையில பைசாவ வச்சு அமுக்கினாரு. நீங்க வாங்கிட்டு தலைய ஆட்டினிய. நான்தான் வீட்டுக்காரன்னு சொல்லல.

கிளீட்டஸ்: அத நீ பாத்தியா?

ஜெப்சி: கீழப் படியில நின்னேன். போட்டு ஓட்டின ஸ்ராங்கு. நீங்க வாயத் தொறந்தா அத்தன பேரும் வலைய எடுப்பானுவ. அந்தக் கையில... அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

கிளீட்டஸ்: அதுக்கு எதுக்குட்டி சோத்த விட்ட? அவருக்கு என்ன தெரியும்? அந்தப் பைசாக்கு நான் சந்தியில போயி பழம்பொரி வாங்கித் தின்னேன். நல்ல சூடு.

ஜெப்சி: வெக்கமா இல்லியா உங்களுக்கு?

கிளீட்டஸ்: எதுக்கு வெக்கம்? பெட்டி தூக்கினா கால் தரையில நிக்கும், போட்டுல மாதிரி ஆடாது.

ஜெப்சி: வெளையாடாதிய.

கிளீட்டஸ்: வெளையாடல. அவிய வாறதுக்கு முன்ன நான் விரிப்ப இழுத்து நாலு மூலையும் சொருகி, தலகாணிக்கு உறை போட்டு, வாசல்ல வந்து நின்னு பாத்தேன். ஒரு மடிப்பு இல்ல. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன். கடல்ல எத்தன வருசம் வேல செய்திருக்கேன்... ஒருநாளும் அப்படி நின்னு பாக்கத் தோணினதில்ல.

ஜெப்சி: இத ஒருநாளும் சொல்லலியே.

கிளீட்டஸ்: விரிப்பு விரிக்கப் பிடிச்சிருக்குன்னு ஒரு ஆம்பள சொன்னா நீ சிரிப்ப.

ஜெப்சி: சிரிச்சிருப்பேன். சிரிச்சா என்ன?

கிளீட்டஸ்: இனி என்ன? விசா அடிச்சாச்சு. என்ன நம்பி இஞ்சேருந்து வேற ஆளுவளும் டிக்கெட் எடுத்தாச்சு. ஸ்ராங்கு போவலன்னா அவனுவளுக்கும் வேல இல்ல.

ஜெப்சி: எத்தன காலம்?

கிளீட்டஸ்: ரெண்டு வருசம். கண்ண மூடித் தொறந்தா போயிரும்.

ஜெப்சி: போன தடவயும் இதத்தான் சொன்னிய.

கிளீட்டஸ்: சிஜின் அப்படிக் கெஞ்சலன்னா நான் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்காவ நீ அவனுக்குப் போன் போட்டு சண்ட பிடிக்கப்பிடாது, கேட்டியா? பாவம், அவன் என்ன செய்வான்... ஏட்டி, எதுக்கு இப்படி நிக்க?

ஜெப்சி: அவன் பாவந்தான். அவனக் கெஞ்சச் சொன்னது நான். பெட்டி தூக்க வச்சு உங்களக் கீழ எறக்கிட்டேன்னு நெனச்சு, 'நீயா கூப்பிடுத மாதிரி கூப்பிடுலே, நான் சொன்னேன்னு தெரியாண்டாம், இஷ்டம் இல்லன்னா அத்தான் வரலன்னு சொல்லிருவாரு'ன்னு அவன்கிட்ட சொன்னேன்... பொறவு நீங்க அதப் பத்தி ஒண்ணும் பேசல. வரலன்னு சொல்லிட்டியன்னு நெனச்சு இத்தன நாளும் சந்தோசமாட்டு இருந்தேன். ...நாளைக்கு வெள்ளன புது மெத்த வரும். ரெண்டு கட்டிலுக்கும் விரிக்கணும். ஒண்ண நீங்க விரிங்க, நான் பாத்துப் படிக்கேன். மத்தத நான் விரிக்கேன். மடிப்பு இருந்தா சொல்லித் தாங்க.