அமுதா வீட்டு ஜன்னல்

இந்தக் கடையில் கோப்பி கொஞ்சம் கசக்கும், கீத் தம்பி. பால் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, உட்காருங்கள். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நான் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டிப் பிழைக்கிறவன். சுற்றி வளைத்துப் பேசிப் பழக்கமில்லை.

உங்கள் மகள் ஜோனா யாரோ போட்ட வீடியோவைக் காட்டி, "அப்பா, இது நம்ம பாட்டி" என்றாளாம். ஜன்னலோரம் உங்கள் அம்மா உட்கார்ந்திருக்கிறார். கீழே 'ஆறாவது மாடி அமுதாவின் அசல் வீடு' என்று எழுதியிருக்கிறது. ஆமாம். எங்கள் ரசிகர் குழு எடுத்ததுதான்.

அமுதா ஒரு நாடகத்தில் வருகிறவள், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பதினைந்து வருஷம் இருக்கும், தொலைக்காட்சியில் வந்தது. என் அப்பா கப்பல் பட்டறையில் துருச் சுரண்டியவர். நான் மீசை முளைக்கும் முன்பே சிமெண்ட் மூட்டை தூக்கினேன். எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் அழுததில்லை, நேரமில்லை. அந்த நாடகத்தின் கடைசிப் பகுதியில், வராத மகனுக்காக அமுதா ஜன்னலோரம் காத்திருந்தபோது நான் அழுதேன். கண்ணீர் தட்டில் விழுந்தது. குழம்பில் உப்பு போதவில்லையா என்று என் மனைவி கேட்டாள்.

நான் வேலை செய்த கட்டடங்களில் பாதியை இடித்துவிட்டார்கள். வருத்தமில்லை. இரண்டை இடிக்கப் போனதும் நான்தான். ஆனால் நாடகத்துக்குள் இருக்கும் இடத்தை யாரும் இடிக்க முடியாது. அதனால் அந்த இடங்களை எல்லாம் நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். ஃபேரர் பார்க்கில் அத்தர் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது, என் பழைய கூட்டாளி, கூட வந்தார். அமுதா பூ வாங்கிய சந்தையை லிட்டில் இந்தியாவில் கண்டுபிடித்தோம். பூக்கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். அமுதா கணவனை அறைந்த படிக்கட்டு கிளமெண்டியில் இருந்தது. நெய்னாவை நான் அறைவதுபோல் அங்கே படம் எடுத்தோம். சரியாக வரவில்லை. அப்புறம் நிஜமாகவே அறைந்தேன், நன்றாக வந்தது.

அமுதாவின் வீடுதான் பாக்கி. ஜன்னலுக்கு வெளியே எல்ஆர்டி குட்டி ரயிலின் தண்டவாளம் வளைந்து போகும் என்பது மட்டும் தெரியும். சுவா சூ காங்கில் ஏறி அந்த ரயிலிலேயே சுற்றினோம். உங்களுக்குத்தான் தெரியுமே, வீடுகளுக்குப் பக்கத்தில் போகும்போது அந்த ரயிலின் கண்ணாடி தானாக வெள்ளை பூத்துவிடும். ஜனங்கள் அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கக் கூடாதாம். நல்ல ஏற்பாடுதான். நாங்கள் இறங்கி நடந்து, வளைவுக்கு எதிரே ஆறாவது மாடியில் அந்த ஜன்னலைக் கண்டுபிடித்தோம்.

உங்கள் அம்மா கதவைத் திறந்ததும் மைலோ கலக்கிக் கொடுத்தார். "ஷூட்டிங் எடுத்தப்ப இங்க வேற ஆளு இருந்தாங்க தம்பி. நாங்க பெறகுதான் வாங்கினோம்" என்றார். எனக்கு வீட்டைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஜன்னலை மறைத்து ஸ்டீல் அலமாரி. நாடகத்தில் பச்சையாக இருந்த சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். மஞ்சள் விளக்கு இருந்த இடத்தில் டியூப் லைட். "அக்கா, சமையலறைத் தரையில டைல்ஸ் தூக்கியிருக்கு. சும்மாவே மாத்தித் தர்றேன்" என்றேன். அப்படித்தான் உள்ளே போனேன். தரையைச் சரி செய்தேன், அலமாரியை நகர்த்தினேன், சுவருக்குப் பச்சை அடித்தேன், ஜன்னலோரம் நாற்காலி போட்டேன். "இந்தக் காலத்துல யாருப்பா இப்படிச் செய்யிறா" என்று அக்கா எனக்காக ஜெபம்கூடச் செய்தார்.

வீடு பொருந்திவிட்டது. ஆட்கள்தான் பொருந்தவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எதிர் பிளாக்கின் ஆறாவது மாடி நடைபாதைக்கு ரசிகர்களை அந்த ஜன்னலைப் பார்க்கக் கூட்டிவருவேன். காசு வாங்கியதில்லை, கேட்டுப் பாருங்கள். அதே நேரத்துக்கு நீங்களும் வருவீர்கள். உங்கள் பிள்ளைகள் சோபாவில் குதிக்கும். உங்கள் மனைவி மிரண்டா டியூப் லைட்டைப் போடுவார். அக்கா சிரித்துக்கொண்டே தட்டும் கையுமாக ஓடுவார். எங்கள் குழுவில் நஸீஹா என்றொரு பெண், அவள் ஒரு தடவை சொன்னாள்: "அங்கிள், அமுதா வீட்ல என்ன பார்ட்டியா? ஃபீலே வரல லா." எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அதற்காக நான் பொய் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். ஒருநாள் நீங்கள் கேட்டீர்கள், "அங்கிள், இந்த வீடு இப்ப என்ன விலை போகும்?" பேச்சுக்குக் கேட்டீர்கள். இந்த ஊரில் சாவு வீட்டில்கூட அதைக் கேட்பார்கள். அதைத்தான் அக்காவிடம் சொன்னேன். "விலை எவ்ளோ போகும்னு கீத் தம்பி கேட்டாரு அக்கா." அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "அவசரமாவா கேட்டான்?" என்றார். நான் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அக்காவும் ஒருநாள் சொன்னார்: "சனிக்கிழமை வந்தா போதும், இதுங்க குதிக்கிற குதியில எனக்குத் தலையே சுத்துது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உங்களிடம் சொல்லும்போது அந்தச் சிரிப்பை மட்டும் விட்டுவிட்டேன். மூலையில் பொருந்தாத டைல்ஸை ஓரம் வெட்டித்தான் ஒட்டுவோம். உடைத்தோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மற்றதை நீங்கள்தான் செய்தீர்கள். பிள்ளைகளைக் கூட்டிவருவதை நிறுத்தினீர்கள். பிறகு நீங்களும் வரவில்லை. ஃபோன் போட்டு, சாப்பிட்டீங்களா என்றீர்கள். சாப்பிட்டேன் என்றார். ஏன் வரலை என்று அவர் கேட்கவில்லை, வரட்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. உங்கள் குடும்பத்தில் எல்லாரும் மரியாதைக்காரர்கள். எங்கள் வீடாக இருந்தால் அன்றைக்கே நாலு கெட்ட வார்த்தை பேசி, அடுத்த வாரம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதை மறைக்கவில்லை.

அதற்கப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அக்கா தானாகவே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம் தெரியும்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம்தான் உச்சம். மேசையில் எல்லாருக்கும் தட்டு வைத்தார். கேக் வைத்தார். ஜன்னலுக்கு வந்து பார்த்தார். திரும்பிப் போய்த் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். கடைசித் தட்டை அடுக்கவில்லை. கையில் துணியோடு அதைத் துடைத்துக்கொண்டே நின்றார், சுத்தமான தட்டு. நஸீஹா தேம்பித் தேம்பி அழுதாள். அந்த நடிகைகூட இப்படிச் செய்யவில்லை, தம்பி. நாடகத்தில் இல்லாத காட்சி அது.

நெய்னாதான் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தார். "போதும் மாணிக்கம். வா, அங்க போயி அந்தம்மாகூட உக்காந்து ரெண்டு வாய் சாப்பிடுவோம்."

"போனா ஜன்னல்ல நாம தெரிவோம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "டேய், அது வீடுடா. செட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதோடு வருவதில்லை. அறைந்தபோதுகூட வராத கோபம் அவருக்கு அன்றைக்கு வந்தது. வயசாகிவிட்டது.

எழுந்துவிட்டீர்களா? கோப்பியைக் குடிக்கவே இல்லையே. மேலே அம்மாவிடம் போகிறீர்கள் என்று தெரிகிறது. நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு என்ன உரிமை? இன்றைக்குச் சனிக்கிழமை, எதிர் பிளாக்கில் ஆட்கள் வந்திருப்பார்கள். மகன் வருகிற காட்சி நாடகத்தில் கிடையாது. அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

ஆனால் என்னை அப்படிப் பார்க்காதீர்கள். அம்மாவைத் தனியாக விட்டது நீங்கள். நாங்கள் ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை.