இன்னும் ஒரு ஓடு கழற்றட்டும்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, பிரிவுத் தலைவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியாரான அண்ணி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் கண்ணாடி அலமாரிகளில் சாய்ந்து நிற்கும் நண்பர்களே! கண்ணீரோடு நிற்கிறேன் என்றுதான் நான் தொடங்க வேண்டும். கோபத்தோடு நிற்கிறேன். விரலில் கட்டோடும் நிற்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நம் அருங்காட்சியகத்தின் ஓட்டுடலிகள் பிரிவுத் தலைவர், நாம் எல்லோரும் 'நண்டு சார்' என்று அழைத்த பேரறிஞர், சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தம் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்து அறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் சிப்பிகளோடும் சங்குகளோடும் வேலை பார்த்தவள் நான். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொல்கிறார்கள். எதைச் சொல்ல? என் சங்குகளைத் திருடியதைச் சொல்லட்டுமா?

ஆம், திருடினார்! எண் போட்டு, சீட்டு ஒட்டி நான் தட்டில் வைத்த சங்குகள், மறுநாள் அவருடைய தொட்டியில் நடந்துகொண்டிருக்கும். உள்ளே துறவி நண்டுகள் குடியேறியிருக்கும். சண்டைக்குப் போனால், "காலி வீடுதானே சிப்பியம்மா? பாவம், அதுக்கு வயித்துப் பக்கம் ஓடே கிடையாது" என்பார். துறவி நண்டு உண்மையில் நண்டே அல்ல என்று அரை மணி நேரப் பாடம் வேறு! "இறாலும் சிங்கியும் வாலை நீட்டிக்கிட்டுத் திரியுது. நண்டு வாலை வயித்துக்கு அடியில மடிச்சு வச்சிருக்கு. எல்லாமே பத்துக் கால் குடும்பம்தான்." பத்துக் கால் உயிர்களோடு வாழ்ந்தவர், எதற்கெடுத்தாலும் ஒற்றைக் காலில் நிற்பார்!

நான் சேர்ந்த முதல் வாரம். தொட்டியில் ஒரு சிங்கி இறால் அசையாமல் கிடந்தது. பதிவேட்டில் 'இறந்தது' என்று எழுதி, அதைப் புட்டியில் போட்டுச் சீட்டும் ஒட்டிவிட்டேன். ஓடி வந்தார் மனிதர். "ஐயோ, அது கழட்டிப் போட்ட ஓடும்மா! ஆள் கல்லுக்கு அடியில இருக்கு!" கண் முதல் மீசை வரை அப்படியே இருந்தால் யாருக்குத் தெரியும், வெறும் ஓடு என்று? என் கையெழுத்தோடு அந்தப் புட்டியை இருபத்தெட்டு ஆண்டுகள் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார்.

போகட்டும். அந்த ஓடை நண்டு விஷயத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கல்குவாரிக்குப் பின்னாலுள்ள ஒரே ஓர் ஓடையில் வாழும், செங்கொடுக்கு வைத்த சின்ன நண்டு. இதுவரை யாரும் விவரித்து எழுதாத புது இனம். ஒன்பது வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்தார். கட்டுரையும் தயார். குறை ஒரே ஒரு படம்தான். வளர்ந்த ஆண் நண்டின் வயிற்று மடிப்புக்குள் ஒரு ஜோடிச் சிறு உறுப்பு இருக்கிறது. அதன் வடிவத்தை வைத்துத்தான் இனத்தை உறுதி செய்வார்கள். அவருக்குக் கிடைத்ததெல்லாம் பெண்கள், கூடவே பின்னாளில் பிடித்துத் தொட்டியில் வளர்த்த ஒரு குட்டி ஆண்.

"இருக்கிறதை வச்சு அனுப்புங்க சார்!" என்று கரடியாகக் கத்தினேன். காதில் போட்டுக்கொண்டாரா? "இன்னும் ஒரு ஓடு கழட்டட்டும், சிப்பியம்மா." ஓடு கழற்றிக் கழற்றித்தானே நண்டு வளரும்! ஒவ்வொரு முறையும் இதே பதில்! இதற்கிடையில் ஓடையைக் குழாய்க்குள் அடைத்துச் சாலை போடத் திட்டம் வந்துவிட்டது. 'இங்கே குறிப்பிடத்தக்க உயிரினம் எதுவும் இல்லை' என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். வரும் திங்கட்கிழமை கடைசி விசாரணை. கட்டுரை இல்லாமல் அந்த நண்டுக்காக யார் வாதாடுவது?

அவர் போன மூன்றாம் நாள் தொட்டிக்குத் தீனி போடப் போனேன். அந்த ஆண் நண்டு மல்லாந்து கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரம்! "நீயும் போயிட்டியா சனியனே!" என்று திட்டிவிட்டுப் பதிவேட்டை எடுத்து 'இறந்தது' என்று எழுதினேன். பிறகு இடுக்கியால் தூக்கினேன். எடையே இல்லை! இருபத்தெட்டு ஆண்டு கழித்தும் அதே தப்பு! தொட்டியில் கிடந்த கூரை ஓட்டுத் துண்டுக்கு அடியில் அது மெத்தென்று உட்கார்ந்திருந்தது, பழைய அளவைவிடப் பெரிதாக, முழு ஆணாக.

எப்போது கழற்றியது? முந்தின நாள் மாலை தீனி போட்டபோது பழைய ஓட்டோடுதான் இருந்தது. ஒன்பது வருடம் காத்திருந்த மனிதரே, இன்னும் இரண்டே இரண்டு நாள் பொறுக்கக் கூடாதா? அதற்குள் உங்களுக்கு என்ன அவசரம்?

புது ஓடு இறுகும்வரை காத்திருந்தேன். நேற்று அதைக் கொல்லாமல், ஈரத்துணியில் மல்லாத்திப் பிடித்து, மடிப்பை விலக்கி, நுனி வரை வரைந்துவிட்டேன். அதற்கு அது கொடுத்த சன்மானம்தான் இந்த விரல் கட்டு. இன்று காலை கட்டுரை அவர் பெயரிலேயே அச்சுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை அதன் நகலோடு விசாரணைக்கு நான் போகிறேன். ஓடையை விட்டுக்கொடுக்க மாட்டேன். அண்ணி, இது உங்கள் முன்னால் நான் தரும் வாக்கு. அவர் பிடிவாதத்தை இனி நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்லி அமர்கிறேன். 'இறந்தது' என்று நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் தப்பு. அந்தச் செவ்வாய்க்கிழமை மருத்துவர் எழுதிக் கொடுத்தாரே ஒரு தாள், அதையும் நானே எழுதியிருக்கக் கூடாதா!