கொடிக்கு அந்தப் பக்கம்

ஈர மணலில் கொடிக்கம்பத்தை அடித்து இறக்க வேண்டியதில்லை. இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாக ஆட்டிக் கொடுத்தால் போதும், மணலே உள்ளே வாங்கிக்கொள்ளும். பிடுங்குவதும் அப்படித்தான். நேற்று உங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு வந்து அரைமணி நேரம் மல்லுக்கட்டினார்கள். அதனால் சொல்கிறேன், சார்ஜென்ட்.

என் பெயர் அட்ராக்டா லாவெல். வயது ஐம்பத்து நான்கு. டூனரோ கடற்கரையில் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறேன். நீங்கள் இந்த ஊருக்குப் புதிது என்பதால் கொடிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே நீந்துகிறவர்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட இரண்டு கொடிகளுக்கு நடுவே பலகைக்காரர்கள். ஒருவர் இடத்துக்குள் மற்றவர் போகக் கூடாது. நல்ல ஏற்பாடுதான். அலை தூக்கி எறிந்த பலகை மண்டையில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், என் தலையிலேயே ஒன்பது தையல் இருக்கிறது.

ஆனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது தத்தளித்தால், கொடி எந்தப் பக்கம் என்று பார்க்காமல், கிட்டத்தில் இருப்பவர் பலகையோடு போய்விடுவார். மூழ்குகிறவர் கையில் அகப்பட்டதைக் கட்டிப்பிடிப்பார். பலகை இருந்தால் பலகையைப் பிடிப்பார், இல்லாவிட்டால் காப்பாற்ற வந்தவரின் கழுத்தைப் பிடிப்பார். கடலில் இறங்குகிற எல்லோருக்கும் இது தெரியும்.

மாலக்கி டோலனுக்கும் தெரிந்திருக்கும். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், நீச்சல் சங்கத்தின் தலைவர். எங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. காப்பாற்றுகிற சாக்கில் பையன்கள் உள்ளே புகுந்து ஆட்டம் போடுகிறார்கள் என்று கவுன்சில் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று சொன்னார். கடைசியில் விதியைத் திருத்தினார்கள். ‘எந்தக் காரணத்தைக் கொண்டும்’ பலகை அந்தப் பக்கம் போகக் கூடாது. அந்த வார்த்தைகளைச் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். பிறகு அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்.

என் மகள் பிரோனாவுக்கு அப்போது பத்தொன்பது. பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள். அந்த ஜூலையில், காற்று மெத்தையோடு மிதந்து போன ஒரு குழந்தையை இழுத்து வரப் பலகையோடு எல்லை தாண்டினாள். டோலன் மேட்டிலிருந்து படம் எடுத்து கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டார். இன்னொரு முறை நடந்தால் பள்ளியின் உரிமம் ரத்து என்று கடிதம் வந்தது. அவள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“சிரிக்காத. நெஜமாவே மூடிருவாங்க. இனிமே என்ன ஆனாலும் பலகையோட அந்தப் பக்கம் போகாத” என்றேன்.

“சரிம்மா, போகல. போதுமா?” என்றாள்.

பத்து நாள் கழித்து லீட்ஸிலிருந்து சுற்றுலா வந்த ஒருவர் நீச்சல் கொடிகளுக்கு நடுவிலேயே ஆழத்துக்குப் போய்விட்டார். உயிர்காப்பாளர்கள் இரண்டு பேரும் கடற்கரையின் மறுகோடியில் வேறொருவரைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். பிரோனா பலகையை மணலில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நீந்திப் போனாள். அந்த ஆள் சொந்தக் காலில் நடந்து கரைக்கு வந்தார். அவளை மறுநாள் மதியம் பாறைகளுக்குக் கீழே எடுத்தோம்.

மரண விசாரணையில் டோலன் சாட்சி சொன்னார். நல்ல கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். “அந்தப் பொண்ணு அந்த நேரத்துலயும் விதிய மதிச்சு பலகைய கரையில வெச்சிட்டுப் போச்சு. அத நாம எல்லாரும் பாராட்டணும்” என்றார். கூடத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அடுத்த கோடையில் அவரே என் பள்ளிக்கு வந்தார். உயிர்காப்பாளர்கள் பதினொரு மணிக்குத்தான் வருவார்கள், சங்கத்துக்காரர்களோ ஏழு மணிக்கே நீந்துகிறவர்கள். அதனால் சங்கமே சொந்தமாகக் கொடிகள் வாங்கியிருந்தது. அன்றன்றைக்குத் தண்ணீரைப் பார்த்து இடம் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

“இந்தக் கடல் ஒன்ன விட்டா யாருக்குத் தெரியும்? மனசுல ஒண்ணும் வெச்சுக்கலையே, அட்ராக்டா?”

“என்னத்த வெச்சுக்க? உக்காருங்க டோலன், டீ குடிச்சிட்டுப் போங்க.”

“ஒன் டீயா? அவ்ளோ கெட்டியா, ஸ்பூன நட்டா அப்படியே நிக்குமே” என்றார். குடித்தார்.

அன்றிலிருந்து மூன்று வருடம் அவர்களுக்குக் கொடி நட்டேன், நீந்திவிட்டு வந்ததும் டீ கொடுத்தேன். எனக்குப் பெரிய மனது என்று ஊரே பேசியது. பாதிரியார் பிரசங்கத்தில்கூடச் சொன்னார். அந்த மூன்று வருடத்தில் ஒரே ஒருவர்கூடக் கால் தடுக்கி விழவில்லை. நான் செய்கிற வேலை சுத்தமாக இருக்கும்.

இந்த செப்டம்பர் புயலில் தண்ணீருக்கடியில் இருக்கும் மண்திட்டு நகர்ந்தது. திட்டு பிளந்த இடத்தில் தண்ணீர் ஆறுபோலக் கடலுக்குத் திரும்பி ஓடும். நாங்கள் அதை இழுப்பு என்போம். அங்கே அலை உடையாது, பார்க்க மிகவும் அமைதியாக இருக்கும். சங்கத்துக்காரர்களுக்கு அப்படிப்பட்ட தண்ணீர்தான் பிடிக்கும். நான் மூன்று நாள் நுரை போகிற போக்கைப் பார்த்தேன். கொடி நடும் பழைய இடத்துக்குத் தெற்கே எண்பது அடியில் இழுப்பு நிலைத்துவிட்டது.

அவர் தனியாக வரும் நாளுக்காக நான்கு காலை காத்திருந்தேன். நான்கு காலையும் கொடியைச் சரியான இடத்தில்தான் நட்டேன். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கண்மூடித்தனமாக எதையும் செய்கிறவள் இல்லை நான். ஐந்தாம் நாள் சாரல் மழை, மற்ற யாரும் வரவில்லை. அவர் மழைக்கெல்லாம் நிற்கிறவர் இல்லை.

“கொடி எடம் மாறியிருக்கே?” என்றார்.

“திட்டு நகந்திருச்சு டோலன். தண்ணி எப்படித் தட்டையா கெடக்குன்னு நீங்களே பாருங்களேன்.”

“கொளம் மாதிரி இருக்கே. சரி, டீயப் போட்டு வை, பத்து நிமிஷத்துல வந்திடறேன்” என்றார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பலகையை எடுத்துக்கொண்டு என் பக்கத்துக் கறுப்பு வெள்ளைக் கொடிக்கு நேராகக் கடலுக்குள் போய் அதன்மேல் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நிமிடம் அவர் ஒன்றும் உணரவில்லை. பிறகு திரும்பிக் கரையைப் பார்த்தார், நீந்தினார், மறுபடியும் பார்த்தார். கை தூக்கினார். நானும் கை தூக்கினேன்.

“அட்ராக்டா! பலகையக் கொண்டா!”

“பலகை அந்தப் பக்கம் வரக் கூடாதே டோலன். எந்தக் காரணத்தைக் கொண்டும்.”

அவருக்குப் புரிந்துவிட்டதை முகத்தில் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்க்கத்தான் மூன்று வருடம் டீ போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சார்ஜென்ட். நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் அது தவறு. சந்தோஷம் என்றே எழுதுங்கள்.

மேட்டில் நின்ற வேனில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. அத்லோனில் நர்ஸ் படிப்புப் படிக்கிறவளாம், பெயர் ரோஷீன், வயது இருபத்திரண்டு. இதெல்லாம் பிறகு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கத்தியது கேட்டு எழுந்து ஓடி வந்து, போட்ட உடையோடு குதித்தாள். நன்றாக நீந்தினாள். அவர் அருகே போனதும் அவர் அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். “ஏங்க! பலகையோட வாங்க! சீக்கிரம்!” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. நான் பார்க்கவில்லை என்றே நினைத்திருக்கிறாள்.

இருபது கைவீச்சில் போயிருக்கலாம். என் கை தண்ணீரில் இறங்கியது, அது உண்மை. இரண்டு வீச்சு போட்டேன். அதற்குள் ஒன்று உறைத்தது. நான் போனால் அவளோடு சேர்ந்து அவரும் பலகையைப் பிடித்துக்கொள்வார். அவளை மட்டும் ஏற்ற முடியாது. கையை வெளியே எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். அவள் இன்னும் மூன்று முறை கூப்பிட்டாள், அவர் அதற்கு முன்பே கத்துவதை நிறுத்திவிட்டார். இரண்டு தலைகளும் போன பிறகு கரைக்கு வந்தேன். கொடிகளைத் திரும்ப இடம் மாற்றவில்லை, எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

ஊரில் இதை விபத்து என்கிறார்கள். நான் பேசாமல் இருந்திருந்தால் நீங்களும் அப்படியே எழுதி மூடியிருப்பீர்கள். விபத்து என்று எழுதினால் டோலன் மேல் குற்றமில்லை என்று ஆகிவிடும். அதைப் பொறுக்க முடியாமல்தான் நானே இந்த ஸ்டேஷன் படியேறி வந்தேன். கொடியை இடம் மாற்றி நட்டவள் நான். பலகையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இரண்டு பேர் விஷயத்திலும்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி வேண்டும். ரோஷீனின் அம்மா நாளைக்கு அத்லோனிலிருந்து வருகிறார் என்றீர்கள். பத்து நிமிடம் அவரைப் பார்க்க விடுங்கள். பாவம், தனியாக வருகிறார், பிள்ளையைப் பறிகொடுத்தவள் மனது எனக்குத் தெரியும். என்னிடம் இத்தனை வருடமாக ஒருவர்கூட வாய் திறந்து சொல்லாததை நானாவது அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுவேன், உங்கள் மகளைக் கொன்றது டோலன்தான் என்று.