அரை மார்க்

ஸ்டேஷனில் உங்கள் மேஜையில் இருக்கும் மவுஸின் இடது பட்டன் ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அடிக்கிறது, மேடம். நேற்று நான் சொல்லச் சொல்ல நீங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கவனித்தேன். உள்ளே இருக்கும் சின்னத் தகடு தேய்ந்திருக்கும். புதிதாக ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் தெரியாமல் எதையாவது அழித்துவிட்டு, செய்யாத தப்புக்கு மேலிடத்தில் பேச்சு வாங்குவீர்கள்.

நேற்று நீங்கள் தயாரித்த அறிக்கையைப் படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை, பாராட்டுகிறேன். ஆனால் நான்காவது பத்தியில், ‘வயர்லெஸ் மவுஸில் ஏற்பட்ட பழுதினால் அழைப்பு மணி ஒலிக்கவில்லை’ என்று இருக்கிறது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவன் அந்த வரியில் நின்றுவிட்டேன். தலைவலி என்று சொல்லிக் கிளம்பிப் போனது அதனால்தான். பதினான்கு வருடமாகக் கணினி சாமான்களைச் சோதித்து மார்க் போடுவது என் பிழைப்பு. ஒரு பொருளைப் பற்றித் தப்பான தகவல் என் கையெழுத்தோடு வெளியே போனதில்லை. இன்று நானே வந்து, உங்களிடம் தாள் வாங்கி, என் கைப்பட எழுதுவது அந்த ஒரு வரியைத் திருத்தத்தான். அந்த மவுஸில் எந்தப் பழுதும் இல்லை.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய கேமிங் மவுஸ் எது சந்தைக்கு வந்தாலும் எங்கள் பத்திரிகைக்கு ஒன்று வரும். நான் அதை மூன்று வாரம் வைத்துக்கொள்வேன். எடை பார்ப்பேன். பட்டனை அழுத்த எத்தனை கிராம் விசை வேண்டும், அழுத்தியது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது, எல்லாம் அளப்பேன். கடைசியில் பத்துக்கு ஒரு மார்க் போடுவேன். எதற்கும் பத்து போட்டதில்லை. எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும் அரை மார்க் குறைக்க ஒரு காரணம் கிடைக்கும், தேடினால் கிடைக்கும். வாசகர்கள் எனக்கு ‘அரை மார்க்’ என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

என் அண்ணனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் கேம் போட்டிகளில் அவரைப் ‘பருந்து’ என்பார்கள். வாசலில் நிற்கும் உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் இன்னும் அவர் படத்தைப் போனில் வைத்திருக்கிறார். நொடிக்குப் பதினொரு கிளிக் அடிக்கிற விரல் அது. போட்டி மேடைக்குப் பின்னால் அவர் கைக்கு ஒத்தடம் கொடுத்து, தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டியது நான்தான். “டேய், நீச்சல் தெரியாதவன் கரையில நின்னு தண்ணிக்கு மார்க் போடற மாதிரிடா உன் வேலை” என்று எல்லார் முன்னாலும் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நகைச்சுவையாகத்தானே சொன்னார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு போட்டி முடிந்து திரும்பும்போது அவர் வந்த வேன் கவிழ்ந்தது. கழுத்தில் அடி, அதில் மூளைத்தண்டும் கெட்டுப்போனது. அதன் பிறகு அவர் உடம்பில் அசைந்தது கண்களும் வலது ஆள்காட்டி விரலும் மட்டும். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். பேச்சு போய்விட்டது. நான் என் ஜாகையைக் காலி செய்துவிட்டு, சோதனைக் கருவிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே குடிவந்தேன். அவருடைய அறைக்கு அடுத்த அறை எனக்கு. தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அவர் பேசுவதற்கு நான்தான் வழி செய்து கொடுத்தேன். கட்டிலுக்கு மேலே ஒரு திரை. அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும், வேண்டிய எழுத்து வரும்போது மவுஸை அழுத்த வேண்டும். அவர் எழுதாதபோது திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று மட்டும் இருக்கும். அப்போது அழுத்தினால் மூன்று அறையிலும் மணி அடிக்கும், அண்ணியின் போனிலும் அடிக்கும். அந்த மணிதான் முக்கியம். குழாயில் சளி அடைத்தால் அவரால் இருமக்கூட முடியாது. யாராவது போய் மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்தால் நல்லது, ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணியும் நானும் முறை வைத்துக்கொண்டு பார்த்தோம்.

இந்த மவுஸ் போன மாதம் வந்தது. ஐம்பத்து நான்கு கிராம்தான். பட்டனின் விசையை நாமே முப்பது கிராம் வரைக்கும் இறக்கிக்கொள்ளலாம். கையில் வைத்தால் வைத்த மாதிரியே இருக்காது. நான் அதற்கு ஒன்பதரை போட்டேன். குறைத்த அரை மார்க்குக்கும் காரணம் எழுதினேன். அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன் உண்டு. பையில் போட்டு எடுத்துப் போகும்போது பேட்டரி வீணாகாமல் இருக்க, அதை அழுத்தினால் சிக்னல் மட்டும் நின்றுவிடும். அந்தப் பட்டன் ரொம்ப உள்ளடங்கி இருக்கிறது. விரலால் அழுத்த முடியாது, நகத்தை நுழைத்து மூன்று நொடி பிடிக்க வேண்டும். எனக்கே நகம் வலித்தது.

மதிப்பீடு வெளியான பிறகு அந்த மவுஸை அண்ணனுக்கு வைத்தேன். பழைய வயர் மவுஸின் பட்டன் கனம், சாயங்காலத்துக்குள் அவர் விரல் ஓய்ந்துவிடும். புதியதில் அப்படி இல்லை. முதல் நாளே அண்ணி என் அறைக்கு ஓடி வந்தார்கள். “தம்பி, இன்னைக்கு அவர் பதினோரு வரி பேசிட்டாருங்க. சண்டைகூடப் போட்டாரு” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் என் மதிப்பீட்டைத் திரையில் கொண்டுவரச் சொல்லிப் படித்திருக்கிறார். நாற்பது நிமிடம் செலவழித்து ஒரு பதில் எழுதியிருக்கிறார். அண்ணி அதை என் கட்டுரைக்குக் கீழே அவர் பெயரிலேயே போட்டுவிட்டார்கள். ‘இது பத்துக்குப் பத்து. மிச்ச அரை மார்க்கை என் தம்பி சட்டைப் பையில தேடிப் பாருங்க.’ அவ்வளவுதான் அந்தப் பதில். மூன்று வருடமாகச் சத்தமே இல்லாதிருந்த பருந்து பேசியதும் ஊரே கூடிவிட்டது. இரண்டு நாளில் அறுபதாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். அண்ணியும் என்னிடம் படித்துக் காட்டிச் சிரித்தார்கள். கட்டிலில் அண்ணனின் கண்ணும் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

ஆசிரியர் போன் செய்தார். “சார், ஒரு மறுமதிப்பீடு எழுதி அந்த அரை மார்க்கைக் குடுத்துத் தொலைச்சிடுங்களேன். பருந்தே சொல்லிட்டாரு, உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?”

“சோதிக்காம மாத்த முடியாது சார்.”

“சரி, சோதிங்க. அவர் கையிலயே சோதிங்க. படிக்கறவங்களுக்கும் பிடிக்கும்.”

அவர் கையிலேயே சோதிக்கலாம் என்ற யோசனை ஆசிரியருடையது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலையில் அண்ணி ஆஸ்பத்திரி ஸ்டோருக்குப் போய்க் குழாய், பஞ்சு எல்லாம் வாங்கி வருவார்கள். போய்வர ஒரு மணி நேரமாகும். அன்று பத்து ஐந்துக்கு அண்ணனுக்குச் சளி எடுத்துவிட்டு, கையைக் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு பத்து இருபதுக்குக் கிளம்பினார்கள். “பத்தே முக்காலுக்கு எடுத்துடுங்க தம்பி, மறந்துடாதீங்க” என்றார்கள். நான் மறக்கிற ஆள் இல்லை.

பத்து நாற்பதுக்கு அண்ணன் அறைக்குப் போனேன். அவர் விரலுக்கு அடியிலிருந்து மவுஸை எடுத்துத் திருப்பினேன். நகத்தை நுழைத்து மூன்று நொடி பிடித்தேன். மறுபடி விரலுக்கு அடியில் வைத்தேன். “ஒரு சின்னச் சோதனைண்ணா, பக்கத்து ரூம்லதான் இருக்கேன்” என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு மவுஸைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியது எதுவும் இல்லை.

இப்போது உங்கள் அறிக்கையின் நான்காவது பத்திக்கு வருகிறேன். அந்தப் பட்டன் தற்செயலாக அழுந்தியிருக்கலாம் என்று மவுஸ் கம்பெனியின் எஞ்சினியர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது தற்செயலாக அழுந்தாது, மேடம். அப்படி அழுந்தாது என்பதற்காகத்தான் நான் அரை மார்க்கே குறைத்தேன். அச்சில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

பக்கத்து அறையில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடுவில் இருப்பது மெல்லிய பலகைச் சுவர்தான். கிளிக் சத்தத்தை எண்ணுவது எனக்குப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டே எண்ணுவேன். பத்து ஐம்பத்திரண்டுக்கு முதல் கிளிக் கேட்டது. அரை நிமிடம் விட்டு இரண்டாவது. மணி அடிக்கவில்லை என்பது புரிந்திருக்க வேண்டும், அதன் பிறகு இடைவெளி குறைந்தது. பத்து ஐம்பத்தாறுக்கு நொடிக்கு ஒன்று. ஐம்பத்தேழில் நொடிக்கு மூன்று. அந்த விரலில் இவ்வளவு வேகம் மிச்சமிருக்கும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. பழைய போட்டி மேடைக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. சோதனை நடக்கும்போது சோதிக்கிறவன் குறுக்கே போகக் கூடாது. போனால் முடிவு கெட்டுவிடும். இதை நான் பயிற்சிக்கு வருகிற எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன்.

பதினொன்றுக்கு வேகம் தளர்ந்தது. பதினொன்று ஒன்றுக்குக் கடைசிக் கிளிக். மறுபடி தொடங்கினால் கணக்கு விட்டுப்போகுமே என்று இரண்டு நிமிடம் காத்திருந்தேன். அப்புறம் அந்த அறைக்குப் போய், மவுஸைத் திருப்பி, நகத்தை நுழைத்துப் பட்டனைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். சளி எடுத்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் வரிசை தப்பாமல் செய்தேன்.

இந்த மவுஸில் இன்னொரு வசதி உண்டு. சிக்னல் நின்றிருந்தாலும், பட்டன் எத்தனை தடவை அழுந்தியது என்பதைத் தன் நினைவில் தானே எண்ணி வைத்துக்கொள்ளும். மறுநாள் அதை எடுத்துப் பார்த்தேன். எழுநூற்றுப் பதினான்கு. என் நோட்டில் எழுநூற்றுப் பதிமூன்றுதான் இருக்கிறது. எங்கேயோ ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன், அது இன்னும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. மவுஸ் எதையும் தவறவிடவில்லை. அன்றைக்கே மறுமதிப்பீட்டை எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன். பத்துக்குப் பத்து. என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் பத்து. அண்ணன் சொன்னதுதான் சரி என்று பெருந்தன்மையோடு ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்.

நான் கொன்றேனா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டால் ஆமாம் என்றுதான் எழுத வேண்டும், வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை. எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் எழுந்து நாலடி நடந்திருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு அண்ணி அந்தக் காலிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மவுஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கேட்டார்கள்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கடைசியில அவர் நம்மளக் கூப்பிட்டாரா?”

வாய்க்கு வந்ததைச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, பத்து நாற்பதிலிருந்து பதினொன்று மூன்று வரைக்கும் அதில் வந்து சேர்ந்த கிளிக்குகளின் பட்டியலை எடுத்தேன். ஒன்றுகூட இல்லை. இரண்டாவது தடவையும் சரிபார்த்துவிட்டுத்தான் அண்ணியிடம் சொன்னேன்.

“இல்ல அண்ணி. கூப்பிடவே இல்ல.”

அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அவர் கஷ்டப்படாமல் போயிருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும், முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. பாருங்கள் மேடம், சரியான தகவல் ஒரு மனுஷிக்கு எவ்வளவு ஆறுதல் கொடுக்கிறது.